மூன்று விரல் இடைவெளி

பீர் வாடை பட்டாலே குமட்டும் என்று சொன்ன அந்த அக்கா, பீர் ஃப்ரீசருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மணி பிற்பகல் இரண்டு. அவள் புருஷனின் குரலைக் கடைசியாகக் கேட்டு இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"நான்தான் சார் சொன்னேன். நேத்து காலையில. 'இந்தப் பொட்டியையே கட்டிக்கிட்டு எங்கயாவது போய்த் தொலைங்க'ன்னு. என் வாயத் தைக்கணும்."

"வாயால சொன்னதுக்கெல்லாம் ஆளுங்க போயிட்டா, எங்க வீட்டுல ஒருத்தர்கூட மிஞ்சியிருக்க மாட்டாங்க அக்கா" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பாஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

நான் வாயை மூடிக்கொள்வது அபூர்வம். அதனால்தான் பாஸ் எனக்கு ரேடியோ என்று பேர் வைத்தார். பத்து வருஷம் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்த எனக்கு இப்போது துப்பறியும் ஆபீசில் உதவியாளர் உத்தியோகம். பாஸ் அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். எரிந்த கடை, முட்டிய கார், காணாமல் போன நகை என்று முப்பது வருஷம் பொய்யாகவே கேட்டுப் பழகியதால், யாராவது உண்மை சொன்னால் ஒரு நிமிஷம் திகைத்துப் போவார்.

விஷயம் இதுதான். அக்காவின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இடுப்பில் எப்போதும் அளக்கிற டேப் தொங்குவதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர் 'டேப்பு'. காரே இல்லாத தன் வீட்டுக் கார் ஷெட்டில், ஆறு மாசமாகத் தன் கையாலேயே ஒரு மர பார் கட்டிக்கொண்டிருந்தார். ஏழடி நீளம். நின்றபடி முழங்கை ஊன்றிக்கொள்கிற உயரம். ஒரு முனையில், ஐஸ்கிரீம் கடையில் கழித்துக் கட்டிய ஃப்ரீசரை மரச்சட்டத்துக்குள்ளேயே இறக்கியிருந்தார். மூடி மேல்நோக்கித் திறக்கிற பெட்டி ஃப்ரீசர். பீர் உறைந்து பாட்டில் வெடிக்காமல் இருக்கக் குளிரைக் கட்டுப்படுத்தும் சின்ன டப்பா ஒன்று. மோட்டாருக்குக் காற்று போகப் பின்பக்கம் கம்பி வலை. சனிக்கிழமை, கூட வேலை செய்கிற பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுத் திறப்பு விழா நடத்துவதாக ஏற்பாடு.

நேற்று அவருக்கு வார லீவு. அக்கா மத்தியானம் பேக்கரி வேலைக்குப் போய்விட்டாள். நாலு மணிக்கு அவரே போன் செய்து, "ஒரு சின்ன வேலைதான் பாக்கி, முடிச்சிடறேன்" என்றிருக்கிறார். அதுதான் கடைசிப் பேச்சு. அக்கா வேலை முடிந்து வந்தபோது ஆள் இல்லை. கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது.

இன்று காலையில், டேப்புக்கு இருபது வருஷ சிநேகிதரான மரக்கடைக்காரர் அக்காவிடமும் போலீசிடமும் ஒரே கதையைச் சொன்னார். நேற்று ஏழு மணிக்கு இந்த ஷெட்டுக்கு வந்தாராம். டேப்பு பாரைத் திறந்து, ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்தாராம். குடித்து முடித்துவிட்டு, 'வீட்டுல மரியாதை இல்ல, எங்கயாவது போயிடறேன்' என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாராம். ஏட்டு அதைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார். கோபம் தணிந்தால் வந்துவிடுவார், ரெண்டு நாள் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

"ரெண்டு நாள் தாங்காது சார்" என்றாள் அக்கா. முகத்தைத் துடைத்த புறங்கையில் இன்னும் நேற்றைய மைதா மாவு ஒட்டியிருந்தது. "அவருக்குச் சர்க்கரை. தினமும் ரெண்டு வேளை ஊசி. மருந்து அப்படியே வீட்டு ஃப்ரிட்ஜ்ல கிடக்கு. ஓடிப்போறவரு அதை எடுத்துக்கிட்டுப் போகமாட்டாரா? ஏட்டு கேட்டா, எல்லாக் கடையிலயும் கிடைக்கும்னு சொல்றாரு."

பாஸ் மருந்தின் பேரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"என்னை வேணாம்னு போயிருந்தாலும் சரி சார். திரும்பி வரவே வேணாம். உசுரோட இருக்காரா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

கேலி பேசிப் பிழைக்கிறவள் நான். இப்படிப்பட்ட இடத்தில் என் கையில் ஒன்றுமே இருப்பதில்லை.

பாஸ் பாரைச் சுற்றி வந்தார். மேல்பலகையைத் தடவிப் பார்த்தார். முனையிலிருந்து முனைவரை ஒரே ரேகை, நடுவில் ஒட்டு கிடையாது. வார்னிஷ் பளபளத்தது.

"ரேடியோ, ஒரு பீர் எடு."

"டூட்டியிலயா பாஸ்?"

"எடுன்னா எடு."

பின்பக்கம் போய்க் குனிந்து, பலகைக்கு அடியில் தெரிந்த ஃப்ரீசர் மூடியைத் தூக்கினேன். டொக் என்று இடித்து நின்றது. வேகமாகத் தூக்கினேன். மறுபடி டொக். மூன்று விரல் இடைவெளிக்கு மேல் மூடி திறக்க மாட்டேன் என்றது. கையைத் தட்டையாக வைத்து நுழைத்தேன், போனது. ஒரு பாட்டிலின் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். விரல் முட்டித்தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"கை போகுது பாஸ். பாட்டிலோட வெளிய வர வழியில்ல. இது குடிகாரனைத் திருத்தறதுக்குக் கட்டின பார் போல இருக்கு."

பாஸ் தரையில் மல்லாக்கப் படுத்துப் பலகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "கீல் இல்ல. வெட்டு இல்ல. நீளத்துக்கும் பசை போட்டு, சட்டத்தோட சேர்த்து ஸ்க்ரூ முடுக்கியிருக்கு" என்றார். எழுந்து சுவரைக் காட்டினார். அங்கே பழுப்புக் காகிதத்தில் பாரின் வரைபடம் ஆணியடித்துத் தொங்கியது. படத்தில் மேல்பலகை இரண்டு துண்டு. ஃப்ரீசருக்கு மேலே இருக்கிற துண்டுக்குத் தனியாகக் கீல் வரைந்து, மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டிருந்தது.

"படத்துல ரெண்டு பலகை. இங்க ஒண்ணு. ஏம்மா?"

"வெட்ட மனசு வரல சார் அவருக்கு. இவ்வளவு நீளத்துக்கு ஒரே பலகை இனிமே எங்க கிடைக்கும், கீலெல்லாம் வேணாம், பலகைக்கும் மூடிக்கும் நடுவுல இடம் விட்டாப் போதும்னு மாத்திட்டாரு. நேத்து காலையிலதான் ஒட்டினாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆறு மாசம் மில்லிமீட்டர் கணக்குப் பார்த்த மனிதர், மூடி மூடியிருக்கும்போது எவ்வளவு உயரம் என்று அளந்திருக்கிறார். திறந்தால் எவ்வளவு உயரும் என்று அளக்கவில்லை. பலகை மேல் வைத்த ஆசை, கண்ணை மறைத்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள் அக்கா. "சொன்னா சிரிப்பேன்னு பயந்திருப்பாரு. சிரிச்சுத்தான் இருப்பேன்."

"பாட்டிலை எப்ப உள்ள வச்சாரு?"

"பலகை ஒட்டறதுக்கு முன்னாடியே அடுக்கிட்டாரு. பன்னெண்டு. ஆளுக்கு ஒண்ணு."

போனை இடுக்கில் நுழைத்துப் படம் எடுத்தேன். படத்தில் பாட்டில் மூடிகளை விரல் வைத்து எண்ணினேன். இன்னொரு தடவை எண்ணினேன். "பன்னெண்டும் இருக்கு பாஸ்."

"திறக்கவே முடியாத பொட்டி. வச்ச பன்னெண்டும் உள்ளயே இருக்கு. ஆனா நேத்து ஏழு மணிக்கு ரெண்டு பேரு இதுலேருந்து எடுத்துக் குடிச்சிருக்காங்க" என்றார் பாஸ்.

அக்கா எழுந்து நின்றாள். அழுகை நின்றுவிட்டது. அதைவிட மோசமான ஒன்று அவள் முகத்தில் வந்திருந்தது.

பாஸ் பலகையின் மேல் குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். வார்னிஷுக்கு மேலே, குறுக்கே, மெல்லிசாக ஒரு பென்சில் கோடு. "தப்பைக் கண்டுபிடிச்சுட்டாரு. வெட்டியே ஆகணும்னு கோடும் போட்டுட்டாரு. அந்தச் 'சின்ன வேலை' இதுதான். ஆனா பலகை கீழ சட்டத்தோட ஒட்டிக்கிடக்கு, கை ரம்பம் ஓடாது. மேலேருந்து வெட்டற மிஷின் வேணும். வீட்டுல இருக்கா?"

"இல்ல சார். வேணும்னா இரவல் வாங்கிட்டு வருவாரு. ரெண்டு தெரு தள்ளி, நடந்தே..." அக்கா பாதியில் நிறுத்தினாள். "மரக்கடை அண்ணன்கிட்ட."

"கிளம்பு ரேடியோ" என்றார் பாஸ். அக்கா எங்களுக்கு முன்னாலேயே வாசலைத் தாண்டியிருந்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து ஊசி மருந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள்.

மரக்கடையில் சத்தமே இல்லை. வேலை நாளில், பட்டப்பகலில், மரம் அறுக்கிற கடையில் ரம்பம் சும்மா கிடந்தது. தொழிலாளி ஒருத்தர்கூடக் கண்ணில் படவில்லை. சுவரெங்கும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு பலகைகள் சாய்த்து நிறுத்தியிருந்தன. முன்பக்க மேசையில் மரக்கடைக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. கண் மட்டும் சிவந்திருந்தது.

"வா தங்கச்சி. தகவல் ஏதாச்சும் வந்துச்சா?"

"இவங்க ரெண்டு பேரும் அவரைத் தேடறவங்க அண்ணே."

"நல்லது, நல்லது. என்ன வேணும்னாலும் கேளுங்க சார். அவன் எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி."

பாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார். "கடை இன்னிக்கு லீவா?"

"வார லீவு நேத்துதான். மனசு சரியில்ல, அதான் ஆளுங்கள இன்னிக்கும் வர வேணாம்னுட்டேன்."

"பார் பிரமாதமா இருக்கு. எனக்கும் ஒண்ணு கட்டணும்னு ஆசையா போச்சு. நேத்து அவரு எப்படித் திறந்தாரு? அந்த மேல்பலகை?"

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். கஷ்டமான கேள்விக்குத் தயாராக இருந்தவருக்குச் சுலபமான கேள்வி கிடைத்துவிட்டது. "அதுவா? ஓரத்துத் துண்டை மட்டும் இப்படித் தூக்கினான் சார். கீல்ல அழகா நின்னுச்சு. அப்புறம் ஃப்ரீசர் மூடிய முழுசா திறந்துட்டு, ரெண்டு பாட்டில எடுத்தான்." இரண்டு கையாலும் காற்றில் பலகையைத் தூக்கிக் காட்டினார்.

இவர் சொல்வது அத்தனையும் நான் அரை மணி முன்னால் பார்த்ததுதான். பழுப்புக் காகிதத்தில்.

"கீலுக்கு என்ன கலர்?" என்று கேட்டேன்.

"பித்தளைக் கலர்."

"கடைக்காரரே, நீங்க படத்தைப் பார்த்திருக்கீங்க, பாரைப் பார்க்கல" என்றார் பாஸ். நான் போனை அவர் முன்னால் வைத்தேன். ஒரே பலகை. மூன்று விரல் இடுக்கு. உள்ளே வரிசையாகப் பன்னிரண்டு மூடிகள். "நேத்து சாயங்காலம் நீங்க அந்த ஷெட்டுக்கே போகல. அவருதான் இங்க வந்தாரு. மிஷின் வாங்க."

"இல்ல சார்... வேற எங்கயாவது வச்சிருந்த பாட்டிலா இருக்கும். எனக்குச் சரியா ஞாபகம்..."

அக்கா கத்தவில்லை. பையைத் திறந்து ஊசி மருந்தை எடுத்து மேசையில், அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். "நேத்து காலையில போட்டதுதான் அண்ணே. அதுக்கப்புறம் போடல. அவரு எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க. உங்கள வேற எதுவும் கேக்க மாட்டேன்."

அவர் அந்த மருந்தையே பார்த்தார். பிறகு, தன்னை அறியாமல், அவர் கண் பின்பக்கக் கதவுக்குப் போய்த் திரும்பியது.

"அவனுக்காகத்தான் நேத்து லீவு நாள்னுகூடப் பார்க்காம கடையத் திறந்தேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது. "மிஷின் பின்னாடி ஷெட்டுல இருந்துச்சு. எடுக்கப் போனான். பலகை அடுக்கு மொத்தமா சரிஞ்சிடுச்சு. முட்டுக் கொடுத்திருந்த கட்டையெல்லாம் நான் வேற வேலைக்கு எடுத்துட்டேன். போன மாசம்தான் ஆபீசர் வந்து எழுதிட்டுப் போனாரு, இன்னொரு விபத்துன்னா கடைக்குச் சீல்னு. செத்துட்டான் தங்கச்சி. போனவன் போயிட்டான், நான் என்ன பண்ணுவேன்?"

செத்துட்டான் என்ற வார்த்தைக்கு அக்கா விழுந்துவிடுவாள் என்று பிடிக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுப் பின்பக்கம் ஓடினாள்.

கதவில் பூட்டு. அதை இரண்டு கையாலும் அடித்தாள், உதைத்தாள். நான் ஆம்புலன்சுக்கு விலாசம் சொல்லிக்கொண்டே ஓடிவந்தேன். மூன்று வார்த்தை சொல்வதற்குள் எனக்கு நாக்கு குழறியது. மரக்கடைக்காரர் சாவியை நீட்டினாரே தவிரப் பக்கத்தில் வரவில்லை. பாஸ் திறந்தார்.

உள்ளே இருட்டு, மரத்தூள் நெடி. சரிந்த பலகைகள் எதிர்ச்சுவரில் முட்டிக் கூடாரம் மாதிரி நின்றிருந்தன. மேலே ஒரு தார்ப்பாய். பாஸ் அதை இழுத்தார். கீழே, இடுக்கில், ஒரு கை தெரிந்தது.

"யாரும் பலகையத் தொடாதீங்க. ஒண்ண எடுத்தா எல்லாம் இறங்கிடும்" என்று பாஸ் சொல்லி முடிப்பதற்குள் அக்கா மண்டியிட்டு உள்ளே நுழைந்துவிட்டாள். அந்த இடுக்கில் ஒரு பிள்ளை நுழைவதே கஷ்டம். எப்படிப் போனாளோ தெரியாது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.

"கை சூடா இருக்கு" என்ற குரல் உள்ளேயிருந்து வந்தது. "சார், கை சூடா இருக்கு! மூச்சு வருது!"

நான் அழுதுவிட்டேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், சத்தம் போட்டே அழுதேன்.

பாஸ் மட்டும் அசையவில்லை. போன் வெளிச்சத்தை இடுக்கில் அடித்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கதவருகில் நின்ற மரக்கடைக்காரரிடம் போனார். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அவரு தலைக்குக் கீழ ஒரு சாக்கு மடிச்சு வச்சிருக்கு. கை எட்டற தூரத்துல ஒரு தண்ணி பாட்டில் இருக்கு, காலியா. செத்தவனுக்குத் தண்ணி எதுக்குங்க?"

அவர் ஒரு எட்டு பின்வாங்கினார்.

"சொல்லுங்க."

"பேசினான் சார்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "கால் ரெண்டும் மாட்டிக்கிச்சு, ஆனா பேசினான். தண்ணி குடுத்தேன். நான் போய் ஆள் கூட்டிட்டு வரேன்டான்னு சொன்னேன். நிஜமாத்தான் சொன்னேன்."

"அப்புறம்?"

"தெரு முனை வரைக்கும் போனேன். யாரைக் கூப்பிட்டாலும் கடை போயிடுமேன்னு அங்கயே நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் போகலாம்னு நினைச்சேன். அப்புறம் காலையில போகலாம்னு நினைச்சேன். காலையில வந்தா பூட்டைத் தொட தைரியம் வரல. உள்ளேருந்து சத்தம் வந்தாலும் பயம், வரலைன்னாலும் பயம்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் வாயாடியிருக்கிறேன். அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. கை ஓங்கத்தான் தோன்றியது. பாஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது பலகைகளுக்கு அடியிலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. டேப்பின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீயா? வேலைக்குப் போகலையா?"

"போகலைங்க."

"அவன் வந்துட்டானா?" பேச்சு நின்று நின்று வந்தது. "ஆள் கூட்டிட்டு வரேன்னு போனான். பாவம், ரொம்பப் பயந்துட்டான். எனக்கு நேரமே தெரியல... எவ்வளவு நேரமாச்சுன்னு தெரியல. தூங்கக் கூடாது, அவன் வந்துடுவான், வந்துடுவான்னு முழிச்சுக்கிட்டே இருந்தேன். அவனைத் திட்டாத."

அக்கா இடுக்கிலிருந்து தலையை மட்டும் திருப்பி, கதவருகில் நின்றவரைப் பார்த்தாள். அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது வெடிக்கப்போகிறாள், நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன். கத்தட்டும் என்றும் நினைத்தேன்.

அவள் புருஷன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வந்துட்டாருங்க. அண்ணன்தான் எங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்தாரு. நீங்க பேசாதீங்க."

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அடுக்கைப் பார்த்துவிட்டு, ஒரே நேரத்தில் நாலு முனையையும் தாங்கினால்தான் ஆளை இழுக்க முடியும், இழுக்கத் தனியாக ஒருத்தர் வேண்டும் என்றார்கள். ஒரு முனைக்கு பாஸ் போனார். ஒரு முனைக்கு நான். வந்தவர்களில் ஒருவர் மூன்றாவதைப் பிடித்தார், இன்னொருவர் இழுக்கக் குனிந்தார். நாலாவது முனைக்கு ஆள் இல்லை. மரக்கடைக்காரர் கதவைவிட்டு இரண்டு எட்டு வைத்துவிட்டு, வரலாமா என்று தெரியாமல் நடுவில் நின்றார்.

"பிடிங்க" என்றாள் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல். அண்ணே என்று சொல்லவில்லை.